எந்த விலைக்கு வரி? சுங்க மதிப்பீடு குறித்த நெடிய விவாதம்

வெளிநாட்டிலிருந்து ஒரு கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேரும் முன்பே அதற்கான காகிதங்கள் தயாராக வேண்டும். கப்பல் நிறுவனம் தந்த பில் ஆஃப் லேடிங், விற்றவர் தந்த இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும், இறக்குமதியாளர் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி. கட்டாய ஆவணங்களின் எண்ணிக்கை 2015 மார்ச்சில் குறைக்கப்பட்டபோது எல்லாச் சரக்குக்கும் பொதுவாக எஞ்சியவை இவைதான். பொருளின் வகையைப் பொறுத்துப் பிறப்பிடச் சான்றிதழ், தரச் சான்று, உணவுப் பொருளானால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதி என்று மேலும் சில தாள்கள் சேரும். ஆனால் கட்டவேண்டிய தொகையை நேரடியாக நிர்ணயிப்பதில் இன்வாய்ஸுக்கு உள்ள இடம் தனி.

ஒரு சிறு கணக்கு இதைக் காட்டும். சரக்கின் மதிப்பு ₹1,00,000, அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்று கொள்வோம். வரி ₹10,000. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, ₹1,000. மூன்றையும் கூட்டிய ₹1,11,000-க்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. ₹19,980. மொத்தம் ₹30,980. சுங்க அதிகாரி இன்வாய்ஸ் விலையை ஏற்காமல் மதிப்பை ₹1,30,000 ஆக உயர்த்தினால் இதே கணக்கு ₹40,274-இல் போய் நிற்கும். வரிவிகிதம் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஐ.ஜி.எஸ்.டி.யைப் பதிவு பெற்ற வணிகர் பின்னர் உள்ளீட்டு வரவாக ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும், சரக்கை வெளியே எடுக்க முழுத் தொகையையும் அன்றே ரொக்கமாகப் புரட்டியாக வேண்டும்.

வரிவிகிதத்தை நாடாளுமன்றம் விவாதிக்கிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த விகிதம் எந்த விலையின் மேல் பாயும் என்பது பெரும்பாலும் ஓர் அதிகாரிக்கும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கருக்கும் இடையே முடிந்துபோகிறது. விற்றவர் எழுதிய விலையா, சந்தையில் அப்பொருளுக்கு இருக்கவேண்டிய விலையா, அரசு குறித்த விலையா? இக்கேள்விக்குத் தரப்பட்ட பதில்களையும் அவை தோன்றிய சூழலையும் அவற்றின் குறைகளையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. பதில்கள் மாறும்போதெல்லாம் உண்மையில் இடம் மாறுவது நிரூபிக்கும் சுமைதான் என்பது இதன் மையக் கருத்து.

பழைய பதில்: சொன்ன விலைக்கே விற்கச் சொல்

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர்கள் பண்டங்களை அளந்து சோழரின் புலிச் சின்னம் பொறிக்கிறார்கள். அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகாரம் விலைப் பிரச்சினைக்குள்ளேயே நுழைகிறது. நகர வாயிலருகே உள்ள சுங்கச் சாவடியில் வணிகர் தம் பண்டத்தின் அளவையும் விலையையும் அறிவித்து, இந்த விலைக்கு வாங்குவோர் உண்டா என்று மூன்று முறை கேட்க வேண்டும். போட்டியில் விலை ஏறினால் ஏறிய பகுதி வரியோடு சேர்ந்து கருவூலத்துக்குப் போகும். வரிக்கு அஞ்சி அளவையோ விலையையோ குறைத்துச் சொன்னவரிடமிருந்து மிகுதியை அரசன் எடுத்துக்கொள்வான், அல்லது எட்டு மடங்கு வரி வசூலிப்பான். வெளியிலிருந்து வரும் பண்டங்களுக்குப் பொதுவிகிதம் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு.

இதே சிந்தனை வேறொரு கடற்கரையிலும் தோன்றியது. பால்டிக் கடலுக்குள் நுழையும் கப்பல்களிடம் ஹெல்சிங்கோரில் டென்மார்க் அரசர் வசூலித்த ஜலசந்தி வரியில், சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன விலைக்குச் சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை அரசருக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போகும், கூட்டிச் சொன்னால் வரி கூடும். தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டிய அதே டென்மார்க்தான் இது. 1429 அளவில் தொடங்கிய அந்த வரி 1857-இல் பன்னாட்டு உடன்படிக்கையால் முடிவுக்கு வந்தது.

இம்முறையின் அழகு, அதிகாரி விலையை ஆராயவே வேண்டியதில்லை என்பது. பலவீனமும் அங்கேதான். அரசு வாங்கிக் குவித்துவைக்க முடிகிற, உடனே விற்றுக் காசாக்க முடிகிற பண்டங்களுக்கே இது பொருந்தும். ஒரு தொழிற்சாலையின் இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும் உதிரிபாகத்தை எந்த அரசரும் வாங்கி என்ன செய்வார்?

அரசே எழுதிவைக்கும் விலை

இன்னொரு பதில், விலையை யாரிடமும் கேட்காமல் அரசே புத்தகத்தில் எழுதிவைப்பது. இங்கிலாந்தின் விலைப் புத்தகங்கள் இவ்வகை. 1660-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இணைந்த புத்தகம் ஒவ்வொரு பண்டத்துக்கும் வரிக்குரிய மதிப்பைக் குறித்தது. வணிகருக்கு முன்கூட்டியே தெரிந்த கணக்கு, அதிகாரிக்குப் பேரத்துக்கு இடமில்லாத கணக்கு. ஆனால் சந்தை நகர்ந்தது, புத்தகம் நகரவில்லை. பல பத்தாண்டுகள் கழிய அதன் விலைகள் எதையும் குறிக்காத எண்களாயின.

எழுதிவைத்த விலை பாதுகாப்புச் சுவராகவும் மாறக்கூடும். 1922-இல் அமெரிக்கா இயற்றிய ஃபோர்ட்னி–மெக்கம்பர் சட்டம், நிலக்கரித் தாரிலிருந்து பெறும் சாயங்களுக்கும் ரசாயனங்களுக்கும் அமெரிக்க உள்நாட்டு விற்பனை விலையின் மேல் வரி விதிக்க வழி செய்தது. ஜெர்மன் சாயம் எவ்வளவு மலிவாக வந்தாலும் அமெரிக்கத் தயாரிப்பாளரின் விலையே கணக்கில் வரும். அட்டவணையில் தெரிந்த விகிதம் ஒன்று, உண்மையில் விழுந்த சுமை வேறு. பன்னாட்டு வர்த்தகப் பேச்சுகளின் கென்னடிச் சுற்றில் இம்முறையை நீக்க ஒப்புக்கொண்ட பிறகும் அமெரிக்க நாடாளுமன்றம் அசையவில்லை. 1980 ஜூலையில்தான் அது ஒழிந்தது.

இந்தியாவில் இந்தப் பதில் இன்றும் உயிரோடிருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்கீழ் பாமாயில், சோயா எண்ணெய், தங்கம், வெள்ளி, பித்தளைக் கழிவு, பாக்கு ஆகியவற்றுக்கு 'டாரிஃப் வேல்யூ' வழக்கமாக இரு வாரத்துக்கு ஒருமுறை அறிவிக்கப்படுகிறது. எண்ணெய் வணிகர் இன்வாய்ஸில் என்ன எழுதினாலும் வரி இந்த எண்ணின் மேல்தான். உலகச் சந்தை விலையின் போக்கைப் பார்த்தே குறிக்கிறோம் என்பது அரசின் வாதம், சட்டத்தின் சொற்களும் அதையே சொல்கின்றன. குறைந்தபட்சச் சுங்க மதிப்புகளையும் தன்னிச்சையான மதிப்புகளையும் தடைசெய்யும் உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு உடன்படிக்கையோடு இது எப்படி ஒத்துப்போகும் என்பது எதிர்வாதம். தங்கம், எண்ணெய் போன்ற உலகச் சந்தை விலை வெளிப்படையாகத் தெரியும் பண்டங்களில் அரசின் வாதத்துக்கு வலு உண்டு என்றே தோன்றுகிறது. பாக்கைப் பொறுத்தவரை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு டாரிஃப் வேல்யூ போதாதென்று, கிலோ ₹351-க்குக் குறைந்த விலையில் இறக்குமதியே கூடாதென்ற தடையும் 2023 முதல் இருக்கிறது. அது மதிப்பீட்டு விதி என்ற பெயரில் வரவில்லை, இறக்குமதிக் கட்டுப்பாடாக வந்தது. விளைவு என்னவோ கர்நாடகத்து, கேரளத்துப் பாக்கு விவசாயிக்கான விலைக் காப்புதான்.

அரசு எழுதிவைக்கும் விலை உலக வர்த்தக அமைப்பில் வழக்கானதும் உண்டு. கொலம்பியா ஆடைகளுக்கும் காலணிகளுக்கும் சுட்டு விலைகளை வகுத்து, அதற்குக் குறைவாக அறிவித்தால் சுட்டு விலைக்கே வரி வசூலித்தது. பனாமா தொடுத்த வழக்கில் 2009-இல் தீர்ப்புக் குழு இதை உடன்படிக்கைக்கு முரண் என்றது. பிறகு கொலம்பியா எடைக்கணக்கில் ஒரு வரியைச் சேர்த்தது. மலிவு இன்வாய்ஸ்கள் வழியே போதைப்பொருள் பணம் வெளுக்கப்படுகிறது என்று காரணம் கூறியது. 2016-இல் மேல்முறையீட்டு அமைப்பிலும் தோற்றது, அந்த வரி ஒப்புக்கொண்ட உச்ச அளவைத் தாண்டியதே காரணம்.

எடைக்கு வரி என்பதே ஒரு தனிப் பதில். விலைத் தகராறு முழுவதையும் அது தாண்டிச் செல்கிறது. சுவிட்சர்லாந்து தொழிற்பொருள்களுக்கு நெடுங்காலம் எடைக்கணக்கிலேயே வரி வாங்கி, 2024 ஜனவரியில் அவ்வரிகளை மொத்தமாக நீக்கியது. இங்கும் ஓடுடைய பாதாமுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்றே வரி. எளிமையானதுதான். ஆனால் மலிவுப் பொருள் வாங்கும் ஏழையும் உயர்தரப் பொருள் வாங்கும் செல்வரும் கிலோவுக்கு ஒரே வரி கட்டும்படி ஆகிறது.

'இயல்பான விலை' என்ற கற்பனை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான காட் (GATT) பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தத்தின் 7-ஆம் விதி, சுங்க மதிப்பு பொருளின் உண்மையான மதிப்பைச் சார்ந்திருக்க வேண்டும், உள்நாட்டுப் பொருளின் விலையையோ கற்பனை விலையையோ சார்ந்திருக்கக் கூடாது என்றது. உண்மையான மதிப்பு எது என்பதை அது முழுமையாக வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1950 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஒரு வரையறை கையெழுத்தாகி 1953-இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரோடொருவர் தொடர்பற்ற வாங்குபவரும் விற்பவரும் திறந்த சந்தையில் பேசினால் இப்பொருள் என்ன விலைக்குப் போகும்? அந்த இயல்பு விலைதான் மதிப்பு. 1970-களில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இதைப் பின்பற்றின. அமெரிக்காவும் கனடாவும் சேரவில்லை.

இந்தியாவின் 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 14-ஆம் பிரிவிலும் இச்சிந்தனையின் சாயல் உண்டு. இறக்குமதி நிகழும் நேரத்திலும் இடத்திலும், பன்னாட்டு வணிகத்தில், ஒருவர் தொழிலில் மற்றவருக்கு நலன் இல்லாத நிலையில் அத்தகைய பொருள் சாதாரணமாக விற்கப்படும் விலை என்பது அதன் சாரம். இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ராஜ்குமார் நிட்டிங் மில்ஸ் வழக்கு காட்டியது. ஒப்பந்தம் போட்ட நாளின் விலையைப் பார்க்க வேண்டியதில்லை, சரக்கு வந்த நாளில் சந்தை விலை என்னவோ அதுவே மதிப்பு என்றது நீதிமன்றம். விலை ஏறுமுன் சமயோசிதமாகப் பேரம் முடித்த வணிகர், தாம் கொடுக்காத விலைக்கு வரி கட்ட வேண்டியதாயிற்று.

ஒரே பொருளை வாங்கும் இருவர் ஒரே வரி கட்டுவார்கள் என்பதும், பொய் இன்வாய்ஸுக்குப் பலனில்லாமல் போகும் என்பதும் இயல்பு விலைக்கு ஆதரவான வாதங்கள். அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் நடக்காத ஒரு விற்பனையின் விலையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அதிகாரியின் மேசையில் விழுகிறது. அதைத் தவறென்று காட்டும் பொறுப்பு வணிகரின் மேல் விழுகிறது. திறமையாகப் பேரம் பேசியவரும் பொய்க் கணக்குக் காட்டியவரும் அங்கே ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது.

கொடுத்த விலையே மதிப்பு

டோக்கியோ சுற்றில் 1979-இல் உருவாகி 1981 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மதிப்பீட்டு விதித்தொகுப்பு கேள்வியைத் திருப்பிப் போட்டது. இருக்கவேண்டிய விலை எது என்பதை விட்டுவிட்டு, உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்கவேண்டிய விலை எது என்று கேட்டது. அதுவே பரிவர்த்தனை மதிப்பு. அது கிடைக்காதபோது மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வேறு வழிகள்: அதே பொருளின் விலை, ஒத்த பொருளின் விலை, இறக்குமதி நாட்டில் விற்ற விலையிலிருந்து செலவுகளைக் கழித்துவருவது, தயாரிப்புச் செலவிலிருந்து கூட்டிவருவது, கடைசியாக நியாயமான ஒரு மதிப்பீடு. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது இது எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவானது.

இந்தியாவில் 1988 ஆகஸ்டில் இதற்கேற்ற விதிகள் நடைமுறைக்கு வந்தன. திருத்தி எழுதப்பட்ட 14-ஆம் பிரிவு 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய சட்டச் சொற்களும் புதிய விதிகளும் அருகருகே இருந்தன. எது மேலோங்கும் என்பதை 2000 நவம்பரில் எய்ச்சர் டிராக்டர்ஸ் வழக்கு தெளிவாக்கியது. ஜப்பானிய பேரிங்குகளை அந்நிறுவனம் விலைப்பட்டியலிலிருந்து 77 சதவீதத் தள்ளுபடியில் வாங்கியிருந்தது. தேங்கிய பழைய இருப்பு என்று விற்றவர் காரணம் சொன்னார். பட்டியல் விலைக்கே வரி என்றது சுங்கத் துறை. விதிகளில் சொல்லப்பட்ட விலக்குகளுள் ஒன்று பொருந்தினாலன்றிப் பரிவர்த்தனை மதிப்பை ஒதுக்க முடியாது, பட்டியல் விலை என்பது விற்பவர் கேட்கும் விலைதான் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தள்ளுபடி பெரிதாக இருப்பது மட்டுமே பொய்க்குச் சான்றாகாது என்பது இத்தீர்ப்பின் நிலைத்த பங்களிப்பு.

நடக்காததைக் கூட்டி வரி வாங்கக் கூடாது என்ற இதே தர்க்கம் 2015-இல் விப்ரோ வழக்கிலும் வென்றது. சரக்கை இறக்கும் செலவு என்று எல்லோர் மதிப்பிலும் 1 சதவீதம் கற்பனையாகக் கூட்டப்பட்டு வந்தது. உண்மைச் செலவு தெரிந்திருக்கும்போது அதைக் கூட்ட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது, 2017-இல் விதி மாறியது.

பரிவர்த்தனை மதிப்பின் பலவீனத்தை அதன் ஆதரவாளர்களும் மறுப்பதில்லை. முழு அமைப்பும் ஒரு தாளின் நேர்மையைச் சார்ந்து நிற்கிறது. அத்தாளை எழுதியவர் வேறொரு நாட்டில் இருக்கிறார். குறைத்து எழுதிய இன்வாய்ஸுக்கு வங்கி வழியாகவும் மீதிக்கு ஹவாலா வழியாகவும் பணம் போனால் துறைமுகத்தில் உள்ள அதிகாரிக்கு அது தெரிய வழியில்லை.

சந்தேகத்தை யார் சுமப்பது?

விவாதத்தின் கனமான பகுதி இதுதான். டோக்கியோ விதித்தொகுப்பைப் பல வளரும் நாடுகள் அச்சத்தோடு பார்த்தன. இறக்குமதி வரியே அவற்றின் கருவூலத்துக்கு முக்கிய வருவாய். பொய்யை நிரூபிக்கும் சுமை அதிகாரியின் மேல் விழுந்தால் வசூல் கரைந்துவிடும் என்று அவை வாதிட்டன. சில நாடுகள் சுங்கத் துறையையே நம்பாமல் தனியாரிடம் போயின. இந்தோனேசியா 1985-இல் இறக்குமதிச் சரக்குகளின் சோதனையையும் விலை உறுதிப்பாட்டையும் எஸ்.ஜி.எஸ். என்ற சுவிஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்து, ஒரு பத்தாண்டுக்கு மேல் கழித்தே திரும்பப் பெற்றது. 2017-இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக எளிமையாக்க உடன்படிக்கை, வகைப்பாட்டுக்கும் மதிப்பீட்டுக்கும் இத்தகைய ஏற்றுமதி முன்சோதனையைக் கோரக் கூடாதென்று விதித்துவிட்டது.

இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளின் வற்புறுத்தலால் உருகுவே சுற்றின் முடிவில் ஒரு தனித் தீர்மானம் பிறந்தது. அறிவித்த மதிப்பின் உண்மையை ஐயுற அதிகாரிக்குக் காரணம் இருந்தால் கூடுதல் விளக்கம் கேட்கலாம். விளக்கத்துக்குப் பிறகும் நியாயமான ஐயம் நீடித்தால் பரிவர்த்தனை மதிப்பைத் தீர்மானிக்க முடியவில்லை என்று கொள்ளலாம். ஆனால் முடிவுக்கு முன் காரணத்தை இறக்குமதியாளருக்குச் சொல்ல வேண்டும், அவர் கேட்டால் எழுத்தில் தர வேண்டும். இந்தியாவின் 2007 விதிகளில் 12-ஆம் விதி இதையே சொல்கிறது. அதே காலத்தில் ஒப்பிடத்தக்க அளவில் வந்த ஒத்த சரக்கின் மதிப்பு கணிசமாக உயர்ந்திருத்தல், வழக்கத்துக்கு மாறான தள்ளுபடி, பிராண்டு அல்லது தரத்தை மறைத்தல், போலி ஆவணம் என ஐயத்துக்கான காரணங்களும் அதில் சொல்லப்பட்டுள்ளன.

தாளில் இது நியாயமான நடுவழி. நடைமுறையில் அதை வளைப்பது நேரம். கண்டெய்னர் துறைமுகத்தை விட்டு சரக்குப் பெட்டக நிலையத்துக்குப் போனபின் நாள்தோறும் தரைவாடகை ஏறும். கப்பல் நிறுவனம் கண்டெய்னரைத் திருப்பித் தராததற்குத் தனிக் கட்டணம் போடும். விளக்கக் கேள்வி, பதில், மறுகேள்வி என்று இரு வாரம் போனால் தகராறில் உள்ள வரியைவிட வாடகை பெரிதாகிவிடும். அப்போது ஒரு கடிதம் உதவிக்கு வருகிறது: துறை கூறும் உயர்த்திய மதிப்பை நாங்கள் ஏற்கிறோம், சரக்கை விடுவியுங்கள். சுங்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, அறிவித்ததற்கு மாறாக மதிப்பிட்டால் 15 நாளுக்குள் காரணம் கூறும் உத்தரவு தர வேண்டும் என்கிறது. இறக்குமதியாளர் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் அந்தக் கடமை இல்லை. இக்கடிதம் வந்ததும் காரணம் மறைந்துவிடுகிறது.

2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்த்த செஞ்சுரி மெட்டல் ரீசைக்கிளிங் வழக்கு இதை நேரடியாகத் தொட்டது. அலுமினியக் கழிவு இறக்குமதியில், லண்டன் உலோகச் சந்தை விலையிலிருந்து குறிப்பிட்ட சதவீதம் கழித்து ஓர் எண்ணைக் குறித்து, அறிவித்த விலைகளை அதற்கு உயர்த்தி வந்தது துறை. ஐயத்துக்கான காரணங்களைப் பதிவு செய்யாமல் பொதுவான சுற்றறிக்கையைக் காட்டிப் பரிவர்த்தனை மதிப்பை ஒதுக்க முடியாதென்று நீதிமன்றம் கூறியது. 12-ஆம் விதி அதிகாரிக்குத் தரும் அதிகாரத்தைக் குறைக்காமலேயே, அதைப் பயன்படுத்தும் முறையை அது வலியுறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.டி.சி. வழக்கில், மதிப்பீட்டு உத்தரவை மேல்முறையீட்டில் மாற்றாமல் வரியைத் திரும்பக் கேட்க முடியாதென்றும் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே ஒப்புதல் கடிதம் கொடுத்துச் சரக்கெடுத்த சிறு வணிகருக்குத் திரும்பும் பாதை குறுகலானது. அக்கடிதம் பிற்பாடு மேல்முறையீடு செய்வதைத் தடுக்குமா என்பதில் தீர்ப்பாயங்கள் ஒரே குரலில் பேசவில்லை.

இதில் மேலும் ஒரு சுழல் உண்டு. மதிப்பை உயர்த்த அதிகாரி பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது தேசிய இறக்குமதித் தரவுத்தளத்தை. ஒப்புதல் கடிதத்தால் உயர்ந்த விலையும் அங்கே போய்ச் சேர்கிறது, அடுத்த வணிகருக்கு எதிரான சான்றாகவும் ஆகக்கூடும். தரவுத்தளம் மட்டுமே போதாது, ஒப்பீட்டுச் சரக்கின் விவரத்தைக் காட்ட வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பலமுறை சொல்லியும் இந்தச் சுழல் முற்றிலும் அறுபட்டதாகத் தெரியவில்லை. ஐயுறும் அதிகாரத்தை அரசிடமிருந்து பறிக்க வேண்டும் என்பது என் வாதமில்லை. காரணத்தை எழுதும் கடமையிலிருந்து விலக்கும் அந்தச் சட்ட வரியே மறுபரிசீலனைக்கு உரியது என்று கருதுகிறேன்.

தாய் நிறுவனம் விற்கும்போது

வாங்குபவரும் விற்பவரும் ஒரே குடும்ப நிறுவனங்களாக இருந்தால் கொடுத்த விலை என்பதே தள்ளாடுகிறது. உறவு இருப்பதாலேயே விலையை ஒதுக்கக் கூடாது, விற்பனைச் சூழலை ஆராய வேண்டும் என்கிறது உடன்படிக்கை. தாய்லாந்து பிலிப் மோரிஸ் நிறுவனத்தின் பிலிப்பைன்ஸ் சிகரெட்டுகளுக்கு அறிவித்த விலையை ஒதுக்கியபோது, அந்த ஆராய்ச்சி நடக்கவில்லை, காரணமும் முறையாகச் சொல்லப்படவில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் குழு 2010-இல் கண்டது. அடுத்த ஆண்டு மேல்முறையீடு முடிந்த பின்னும் அத்தகராறு ஏறக்குறையப் பத்தாண்டுகள் நீண்டது.

இந்தியாவில் இத்தகைய இறக்குமதிகளைச் சிறப்பு மதிப்பீட்டுக் கிளை ஆராய்கிறது. அதே விலையை வருமான வரித் துறையும் பார்க்கிறது, எதிர்த்திசையிலிருந்து. இறக்குமதி விலை குறைந்தால் சுங்கத்துக்கு நட்டம், கூடினால் லாபம் வெளியே போனதென்று வருமான வரிக்கு நட்டம். ஒரே தாளில் உள்ள ஒரே எண்ணை ஒரே அரசின் இரு துறைகள் வெவ்வேறு விலையாகக் கொள்ளலாமா? ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஹமமட்சு வழக்கில், ஆண்டு முடிவில் குழும நிறுவனங்கள் செய்யும் விலைத் திருத்தத்தைச் சுங்க மதிப்பில் ஏற்ற அப்போதைய சட்டத்தில் இடமில்லை என்றது. அதற்குப் பிறகு உறுப்பு நாடுகள் அதை ஒரே மாதிரிப் பின்பற்றவில்லை. இந்தப் பகுதியில் கோட்பாடு இன்னும் கெட்டியாகவில்லை என்பதே பொருத்தமான மதிப்பீடு.

எவ்வளவு பொய், யாருக்குத் தெரியும்?

குறைமதிப்பின் அளவை அறிய பொருளியலாளர் கையாளும் வழி, ஏற்றுமதி நாட்டின் கணக்கையும் இறக்குமதி நாட்டின் கணக்கையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது. ஜகதீஷ் பகவதி 1964-இல் துருக்கியின் புள்ளிவிவரங்களைக் கொண்டு இதைச் செய்தார். 2004-இல் ரேமண்ட் ஃபிஸ்மனும் ஷாங்-ஜின் வெய்யும் ஹாங்காங்கிலிருந்து சீனாவுக்குப் போன சரக்குகளை ஆராய்ந்து, வரி ஒரு சதவீதப் புள்ளி கூடினால் கணக்கில் காணாமல் போகும் இறக்குமதி ஏறக்குறைய 3 சதவீதம் கூடுவதாகக் கண்டனர். விலையைக் குறைப்பதோடு, பொருளைக் குறைந்த வரியுள்ள வகையின் பெயரில் அறிவிப்பதும் இதில் பெரும்பங்கு வகித்தது. விலையை மட்டும் துருவிக்கொண்டிருந்தால் ஏமாற்று பக்கத்து வாசல் வழியே போய்விடும் என்பது இதன் உட்பொருள்.

ஆயினும் இம்முறையை அளவோடு நம்ப வேண்டும். ஒரு நாடு கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிடும், இன்னொன்று சேர்க்காது. சரக்கு டிசம்பரில் புறப்பட்டு ஜனவரியில் வந்தால் இரு ஆண்டுகளின் கணக்கில் விழும். இடைத் துறைமுகத்தில் கைமாறினால் நாடே மாறிவிடும். கணக்குகளின் இடைவெளி முழுவதும் பொய் என்று சொல்ல முடியாது.

முகமற்ற மதிப்பீடும் தீராத கேள்விகளும்

2011 முதல் இந்தியாவில் வரியைக் கணக்கிடும் முதல் பொறுப்பு இறக்குமதியாளருடையது. கணினி ஆபத்து அடிப்படையில் சில பில்களை மட்டும் அதிகாரியிடம் அனுப்புகிறது. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கி அக்டோபர் முடிவுக்குள் நாடு முழுதும் பரவிய முகமற்ற மதிப்பீட்டில், சென்னையில் இறங்கும் சரக்கின் தாள்களை வேறு ஊரில் உள்ள அதிகாரி திரையில் பார்க்கிறார். முகம் தெரியாததால் பேரத்துக்கு இடம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. மடகாஸ்கரின் டோமாசினா துறைமுகத்தில் நடந்த ஓர் ஆய்வு எச்சரிக்கையும் தருகிறது. யார் எந்த அறிவிப்பைப் பார்ப்பது என்பதைத் தற்செயலாக ஒதுக்கவேண்டிய முறையே அங்கே வளைக்கப்பட்டிருந்தது, அப்படி வளைந்த அறிவிப்புகளில் வரி ஏய்ப்பின் தடயங்கள் கூடுதலாக இருந்தன.

2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய விதிகள் இன்னொரு படி போகின்றன. குறைமதிப்பு நடப்பதாகக் கண்டறியப்பட்ட பொருள் வகைகளை அடையாளம் கண்டு, அவற்றை இறக்குமதி செய்யும் எல்லோரிடமும் கூடுதல் அறிவிப்புகளைக் கோர வழி செய்கின்றன. ஐயம் தனி இறக்குமதியாளரிடமிருந்து பொருள் வகைக்கு நகர்கிறது. பொய்யர்களைப் பிடிக்க இது உதவலாம். அதே பொருளை நேர்மையாக மலிவு விலையில் வாங்கியவர் தம் தரப்பை எப்படி நிறுவுவார் என்பதற்கு வழக்குகள் பெருகும்போதுதான் விடை தெரியும்.

சிறு பார்சல்கள் வேறொரு முனையைத் திறந்துவிட்டுள்ளன. அமெரிக்கா 800 டாலருக்குட்பட்ட பார்சல்களுக்குத் தந்திருந்த வரிவிலக்கை 2025 மே மாதத்தில் சீனச் சரக்குகளுக்கும், ஆகஸ்ட் இறுதியில் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக்கூட்டு வரிவிலக்கை 2021 ஜூலையிலேயே கைவிட்டது. கோடிக்கணக்கான பார்சல்களின் விலையை அதிகாரிகள் தனித்தனியே ஐயுற இயலாது. இணையதள நிறுவனத்தின் விற்பனைப் பதிவே அங்கே இன்வாய்ஸ் ஆகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய வாய்ப்பு, ஏற்றுமதி நாட்டின் சுங்கத்திடம் விற்றவர் கொடுத்த அறிவிப்பை நேரே கேட்டு வாங்குவது. இந்தியா நெடுங்காலமாக வற்புறுத்திய இந்த வழியை 2001-இல் தோஹா மாநாடு கொள்கையளவில் ஏற்றது. வர்த்தக எளிமையாக்க உடன்படிக்கையின் 12-ஆம் விதி அதற்கு நடைமுறை வகுத்தது. இரு நாட்டுத் தாள்களையும் அருகருகே வைத்தால் பல வழக்குகள் ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் கேட்கப்பட்ட நாடு சில காரணங்களைக் காட்டி மறுக்கலாம். தந்த தகவலை அதன் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெளியிடவும் கூடாது. அப்படியானால் அத்தகவலின் பேரில் மதிப்பு உயர்த்தப்பட்ட இறக்குமதியாளர் அதைப் பார்த்து மறுத்துப் பேச முடியுமா? 12-ஆம் விதியின் இரகசியக் கடமையும், நம் மதிப்பீட்டு விதிகளில் அதே எண்ணைத் தாங்கிய விதி கோரும் காரணம் சொல்லும் கடமையும் மோதும் இந்த இடத்தில் தெளிவான விடை இன்னும் உருவாகவில்லை.